அலறல் பிறந்த கதை

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு வெண்கலம் என்று பேர். குரலைக் கேட்டு யாரோ விளையாட்டாக வைத்தது, பிறகு வருகைப் பதிவேட்டிலேயே அப்படித்தான் எழுதினார்கள். திரையில் நடிக்கிறவள் ஒருத்தி, அவளுக்காகப் பேசுகிறவள் இன்னொருத்தி என்றிருந்த காலம் அது. கதாநாயகிக்குப் பேசுகிற யோகம் வெண்கலத்துக்கு வாய்க்கவில்லை. உதிரி வேலைதான் வந்தது. தொட்டில் குழந்தை வீறிட வேண்டுமா, சந்தையில் நாலு பெண்கள் குடுமிப்பிடிச் சண்டை போட வேண்டுமா, பக்கத்து வீட்டுக்காரி "ஓடி வாங்களேன்" என்று கத்த வேண்டுமா, கூப்பிடு வெண்கலத்தை. ஒரே மூச்சில் மூன்று பெண்களாக மாறித் தன்னோடு தானே சண்டை போடுவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கிரீஸ் வாடை போகாத கைகள். அளந்துதான் பேசுவார். நாலு வயதில் ஒரு மகள். இவர்களோடு அவருடைய அக்காவும் இருந்தாள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவளுக்குக் காலை ஷிப்ட். விடிவதற்குள் போய் மூட்டை மூட்டையாகப் போர்வைகளை வேகவைத்துவிட்டு, மதியம் திரும்பி வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். அதனால்தான் வெண்கலம் நிம்மதியாக வேலைக்குப் போக முடிந்தது. ஆனால் நாத்தனாருக்குத் தீட்டிய கத்தி மாதிரி நாக்கு. "கத்துறதுக்குக்கூட ஒரு வேலையா? வீட்ல கத்துறது பத்தலையாக்கும்" என்பாள். வெண்கலம் அதை மனசில் வைத்துக்கொண்டு போய், இடைவேளையில் டீ கிளாசோடு உட்கார்ந்து நாத்தனார் புராணம் பாடுவாள். நாத்தனார் மாதிரியே பேசிக் காட்டுவாள். கூடமே கூடி நின்று கேட்கும்.

அப்போது ஒரு கொலைப் படம் வந்தது. டெலிபோன் ஆபரேட்டர்களை ஒவ்வொருத்தியாகக் கழுத்தை நெரிக்கும் ஒருவனைப் பற்றிய கதை. கடைசிக் காட்சியில் கதாநாயகி கதவைத் திறக்கிறாள், தங்கை செத்துக் கிடக்கிறாள், அலறுகிறாள். கதாநாயகிக்குப் பேசியவளின் அலறல் டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. வெண்கலத்தை அழைத்தார்கள். பன்னிரண்டு தடவை அலறினாள். "பயந்து கத்துறீங்கம்மா, எனக்கு அது வேணாம். வயித்துலேர்ந்து வரணும்" என்றார் டைரக்டர். பதிமூன்றாவது தடவைக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மைக் முன்னால் நின்றபோது அவரே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"உங்க நாத்தனார் போன் பண்ணாங்கம்மா. குழந்தை மொட்டை மாடிலேர்ந்து விழுந்துடுச்சாம். தூக்கும்போதே உயிர் இல்லையாம்."

மைக் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கீழே விழுந்து கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் உதவியாளர் ஒருவர் ஓடி வந்து, "மறுபடி போன் வந்துச்சும்மா, குழந்தைக்கு ஒண்ணுமில்லையாம், உங்க நாத்தனார் தப்பாச் சொல்லிட்டாங்களாம்" என்றார். செருப்பை விட்டுவிட்டு வெண்கலம் வீட்டுக்கு ஓடினாள். குழந்தை தரையில் உட்கார்ந்து துணிமாட்டும் கிளிப்புகளைக் கோத்து விளையாடிக்கொண்டிருந்தது. நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாயங்காலம் வீடு இரண்டுபட்டது.

"நான் யாருக்கும் போன் பண்ணல. எனக்கென்ன பைத்தியமா?"

"பின்ன டைரக்டரா பொய் சொல்றார்? அவருக்கென்ன வேண்டுதலா? நான் வேலைக்குப் போறது பிடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாமே அண்ணி! என் பிள்ளை செத்துப்போச்சுன்னு சொல்ல எப்படி மனசு வந்துச்சு?"

லிஃப்ட் மெக்கானிக் வேலை முடிந்து வந்து நடுவில் நின்றார். ஒரு பக்கம் முழங்கால் தோல் உரிந்து உட்கார்ந்திருக்கும் மனைவி. இன்னொரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அக்கா. அழுகிறவள் பக்கம் சாய்ந்தார். "நீ கொஞ்ச நாள் வேற இடத்துல இருந்துக்கோக்கா" என்றார். நாத்தனார் இரண்டு பைகளோடு ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் ஓர் அறைக்குப் போனாள். கொஞ்ச நாள் என்பது அப்படியே முப்பத்தொரு வருஷமாகிவிட்டது.

இதில் வெண்கலத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. அவர்கள் வீட்டில் போன் கிடையாது. தெரு முனை மருந்துக்கடைக்குப் போய்த்தான் யாரும் பேச வேண்டும். இரண்டு வருஷம் கழித்து இருமல் மருந்து வாங்கப் போனபோது கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேன்மா. அந்த வாரம் முழுக்க எங்க கடை போன் வேலை செய்யல. உங்க நாத்தனார் இங்கேர்ந்து பேசியிருக்க வழியே இல்ல."

வெண்கலம் மருந்து பாட்டிலைப் பையில் வைத்தாள். அதற்குள் நாத்தனார் இருந்த சின்ன அறை அவளுடையதாகியிருந்தது. கண்ணாடி மாட்டிக் குரல் பழகினாள். சமையலறையில் குறை சொல்ல ஆளில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கீழ்வீட்டுப் பெண் ஒருத்தி கிடைத்திருந்தாள். "முடிஞ்சு போன கதை, விடுங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க, பாவம், மனசு உடைஞ்சு போயிடுவார்" என்றாள். புருஷன் மேல் இருக்கும் அக்கறையால்தான் சொல்வதாக அவளே நம்பினாள். மகள் சோறு தின்ன அடம் பிடித்தால், "உங்க அத்தைகிட்ட விட்டுடுவேன், உன்னை மாடிலேர்ந்து தள்ளிடுவா" என்று மிரட்டுவதை மட்டும் அவள் விடவில்லை.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம் நாத்தனார் வந்தாள். உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. வெந்நீரிலும் சலவைக் காரத்திலும் ஊறிய கைகள் வெளிறிச் சுருங்கிப் போயிருந்தன.

"நான்தான் அன்னிக்குப் போன் பண்ணேன்" என்றாள், வெண்கலத்தின் கண்ணைப் பார்த்து. "புத்தி கெட்டுப் பண்ணிட்டேன். மன்னிச்சிடு. கல்யாணத்தன்னிக்கு ஒரு மூலையில நின்னு பிள்ளையைப் பாத்துட்டுப் போயிடறேன்."

அது பொய் என்று வெண்கலத்துக்குத் தெரியும். இருந்தும் உள்ளே திரும்பி, "கேட்டீங்களா? அவங்க வாயாலயே வந்துடுச்சு" என்று குரல் கொடுத்தாள். புருஷன் வந்தார். அக்காவின் காலைப் பார்த்துக்கொண்டே, "நல்லது நடக்குற நேரம். நீ போக்கா" என்றார். நாத்தனார் போனாள். மகள் அப்போது துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அந்தக் கொலைப் படம் வெளியானபோது பெரிதாக ஓடவில்லை. பிரதிகள் எங்கெங்கோ போய் மக்கிப்போயின. ஆனால் அந்த அலறல் மட்டும் சாகவில்லை. வேறு படங்களில், நாடகங்களில், பேய் பங்களா பொம்மைகளில்கூட வெட்டி ஒட்டினார்கள். எங்கேயாவது கேட்டால் வெண்கலம், "நான்தான்" என்பாள். நூற்றுக்கணக்கான படங்களில் வேலை செய்தவளிடம் சொல்லிக்கொள்ள அந்த நான்கு விநாடிதான் இருந்தது.

பழைய படங்களைத் தேடிப்பிடித்து, அழுக்கும் கீறலும் நீக்கி, டிஸ்க்காகப் பெட்டியில் போட்டு விற்கும் நிறுவனம் ஒன்று அந்தப் படத்தைக் கண்டெடுத்தது. ஒரு பெண்ணும் கேமராக்காரரும் வீட்டுக்கு வந்தார்கள். "இந்த அலறலுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு மேடம். டிஸ்க்குல கூடுதலா ஒரு பகுதி வெக்கிறோம். 'அலறல் பிறந்த கதை'ன்னு. நீங்கதான் சொல்லணும்" என்றாள் அந்தப் பெண்.

வெண்கலம் பீரோவிலிருந்து நல்ல புடவையாக ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் பழைய தெம்பு வந்துவிட்டது. கதையை ருசித்து ருசித்துச் சொன்னாள். நாத்தனார் குரலில் ஒரு வரி, டைரக்டர் குரலில் ஒரு வரி. "பெத்த வயித்துல நெருப்பை வெச்சா அந்த மகராசி. பொறாமை! ஆனா அந்த நெருப்புலதான் இந்த அலறல் வந்துச்சு பாருங்க" என்று முடித்தாள். கேமராக்காரர் கைதட்டினார். நன்றாகத்தான் சொன்னோம் என்று அவளுக்குத் திருப்தி.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மகளும் மருமகனும் டிஸ்க்கும் அதைப் போடும் பெட்டியுமாக வந்தார்கள். அட்டைமேல் வாய் பிளந்த கதாநாயகி, தங்க எழுத்து. நால்வருமாகப் படம் பார்த்தார்கள். இவ்வளவு தெளிவாக அந்தப் படத்தை வெண்கலமே பார்த்ததில்லை. அலறல் வந்த இடத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மருமகன், "அத்தை, சான்ஸே இல்ல" என்றார். பிறகு மகள் கூடுதல் பகுதியைப் போட்டாள்.

திரையில் வெண்கலம் பேசினாள். "என் நாத்தனார் போன் பண்ணி..." என்றதும் படம் வெட்டி, தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழட்டு டைரக்டருக்குப் போனது. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போனே வரலீங்க! நான் விட்ட கதை. அந்தம்மா எப்பப் பாத்தாலும் நாத்தனார் புராணம்தான் பாடும். நாத்தனார் பேரைச் சொன்னா சட்டுனு நம்பும்னு எனக்குத் தெரியும்."

மறுபடி வெண்கலம்: "பொறாமை!" ஒரு வேடிக்கையான 'டொய்ங்' சத்தம். மறுபடி டைரக்டர்: "இன்னி வரைக்கும் அந்தம்மாவுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறேன். தெரிஞ்சா என்னைக் கொன்னுடும்!" மறுபடி வெண்கலம்: "அந்த மகராசி..." டொய்ங்.

அவளையும் அவரையும் மாற்றி மாற்றி ஒட்டியிருந்தார்கள், நகைச்சுவைத் துணுக்கு மாதிரி. கதை முழுதாகத் தெரியாத மருமகன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் மாமனாரின் முகத்தைப் பார்த்தார்.

"அதைத் திரும்பப் போடு" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

மகள் போட்டாள். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை முடிந்ததும் எழுந்து முகம் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "அக்கா எங்க இருக்கா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சொந்த அக்கா இருக்கிற இடத்தை அவர் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு நின்றார்.

வெண்கலம் சின்ன அறைக்குள் போய், டிஸ்க் நிறுவனத்துப் பெண்ணிடம் நம்பர் வாங்கி டைரக்டரை அழைத்தாள்.

"அட, வெண்கலமா! நல்லா இருக்கீங்களாம்மா? டிஸ்க் பாத்தீங்களா? ஒலி எப்படி?"

"ஏன் சார் எங்க அண்ணி பேரைச் சொன்னீங்க?"

"அண்ணியா? நாத்தனார்னு சொன்னேன்ல, ஆமா ஆமா. ஏதோ வாயில வந்ததைச் சொன்னேன்மா. அக்கம்பக்கம்னு சொல்லியிருந்தாலும் கத்தியிருப்பீங்க. அதுவா இப்ப முக்கியம்? அலறல் நிக்குதே!"

"எங்க குடும்பமே உடைஞ்சு போச்சு சார்."

"இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? அதையும் பேட்டியில சேத்திருக்கலாமே" என்றார் டைரக்டர். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

சாயங்காலத்துக்குள் இடம் தெரிந்துவிட்டது. நாத்தனார் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். ஓய்வு பெற்ற பிறகும், கிழிந்த போர்வைகளைத் தைத்துக் கொடுப்பதால் தலைமை நர்ஸ் அந்த அறையை அவளுக்கே விட்டிருந்தார். கொதிகலனுக்குப் பின்னால், எப்போதும் ஈர வாடை அடிக்கும் அறை. கட்டிலில் முழங்காலை நீட்டி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"வா தம்பி" என்றாள். தம்பி மகளை வெறித்துப் பார்த்தாள், பிள்ளையாகப் பார்த்தவளை முப்பத்தைந்து வயதில் பார்க்கிறாள். வெண்கலத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

லிஃப்ட் மெக்கானிக் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். கிழவர் அழுகிற அழுகையைப் பார்க்க முடியாமல் மகள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். வெண்கலத்துக்கு இதுதான் சமயம் என்று தோன்றியது.

"அந்தப் பாவி பண்ண வேலை அண்ணி. நம்ம ரெண்டு பேரையுமே ஏமாத்திட்டான். எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"இன்னிக்குத்தானா?"

"சத்தியமா அண்ணி. டிஸ்க்கைப் பாத்துத்தான்."

"டிஸ்க்கை நானும் பாத்துட்டேன். போன வாரமே நர்சுப் பொண்ணு போன்ல காட்டிச்சு. என்னை மாதிரியே பேசுற, நல்லாத்தான் இருந்துச்சு." நாத்தனார் ஊசியைப் போர்வையில் குத்தி வைத்தாள். "மருந்துக்கடைக்காரர் இங்கதான் செத்தார். பதினாலாம் வார்டு. பிள்ளை கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி. போர்வை மாத்தப் போனப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார், 'உங்க தம்பி சம்சாரத்துகிட்ட எப்பவோ சொல்லிட்டேனேம்மா, இன்னுமா உங்களை வீட்ல சேக்கல?'ன்னு."

லிஃப்ட் மெக்கானிக் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

கிழவியாக, குழந்தையாக, கொலையாகிறவளாகப் பேசத் தெரிந்தவளுக்கு, அந்தக் கேள்விக்கு எந்தக் குரலில் பதில் சொல்வதென்று தெரியவில்லை.

"அப்புறம் ஏன்க்கா நீதான் பண்ணேன்னு வந்து சொன்ன?" என்று அக்கா பக்கம் திரும்பிக் கேட்டார்.

"பிள்ளை கல்யாணத்தைப் பாக்கணும்னுதான். உண்மையைச் சொல்லி அத்தனை வருஷத்துல ஒண்ணும் நடக்கல, பொய்யாவது சொல்லிப் பாப்போம்னு வந்தேன். இவளுக்குத் தெரியும்னு தெரிஞ்சுதான் இவ கண்ணைப் பாத்துச் சொன்னேன். கொஞ்சமாவது கூசிப்போவான்னு நெனச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா" என்றார் தம்பி.

"நீ எங்கடா கேட்ட? இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் ரிப்பேருன்னா, உன் கூட வேலை பாக்குறவனைத்தானே அனுப்பி வெச்ச. இருபது வருஷம். லிஃப்ட் நின்னு போச்சுன்னு கேள்விப்பட்டா, கையைத் துடைச்சுக்கிட்டு வந்து நின்னு பாப்பேன். அவன்தான் வருவான். 'நல்லா இருக்கார்மா'ன்னு சொல்லிட்டுப் போவான்."



மறுநாளே நாத்தனாரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மகள்தான் பிடிவாதமாக நின்றாள். சின்ன அறையிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கூடத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். "எனக்கு ஞாபகம் இருக்கும்மா. எனக்கு முதுகு தேய்ச்சு விட்ட கை எனக்கு ஞாபகம் இருக்கு. அந்தக் கைதான் மாடிலேர்ந்து தள்ளிடும்னு சொல்லி என்னை நடுங்க வெச்சீங்க" என்றாள். அப்புறம் அவள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அத்தை அறைக்குத்தான் போனாள்.

நாத்தனார் சண்டை எதுவும் போடவில்லை. வருகிறவர்களிடம் சிரித்துப் பேசினாள். ஆனால் வெண்கலம் சமைத்ததை மட்டும் தொடவில்லை. முதல் நாள் தட்டை வைத்தபோது அப்படியே இருந்தது, இரண்டாம் நாளும் இருந்தது. மூன்றாம் நாள் லிஃப்ட் மெக்கானிக் ஓர் ஒற்றை அடுப்பு வாங்கி வந்து பால்கனியில் வைத்தார். வாழ்நாளில் வெந்நீர்கூட வைக்காதவர், அறுபத்தெட்டு வயதில் அக்காவுக்காகச் சமைக்கக் கற்றுக்கொண்டார். தீய்ந்ததை நாத்தனார் வழித்துச் சாப்பிட்டாள். கொஞ்ச நாளில் அவரும் அந்த அடுப்பிலேயே சாப்பிட ஆரம்பித்தார். வெண்கலம் உள்ளே தனக்கு மட்டும் ஒரு பிடி வேகவைத்துக்கொண்டாள்.

தினமும் காலையில் சின்ன அறை வாசலில் நின்று, "அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க" என்பாள். நாத்தனார் தைத்துக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்கு வெளியே வண்டிச் சத்தம் கேட்டால்கூடத் திரும்புகிறவள் இந்தக் குரலுக்குத் திரும்ப மாட்டாள். ஒரு நாள், பொறுக்க முடியாமல், "ரெண்டு வார்த்தை திட்டவாவது செய்யுங்களேன்!" என்று வெண்கலம் கத்தினாள். நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பால்கனியிலிருந்து புருஷன், "அவளைத் தொந்தரவு பண்ணாத" என்றார். அன்று அவர் மனைவியிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

டிஸ்க் நன்றாக விற்றது. அந்தக் கூடுதல் பகுதிதான் பேச்சு. தெருவில் வாலிபர்கள் அவளை மறித்து, "மேடம், ஒரே ஒரு தடவை 'அந்த மகராசி' சொல்லுங்க" என்று போனை நீட்டினார்கள். 'டொய்ங்' என்று வாயாலேயே சத்தம் கொடுத்தார்கள். அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்லி அவள் நிறுவனத்துக்கு எழுதினாள். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது: ரசிகர்கள் அதைத்தான் முதலில் போடுகிறார்கள், அடுத்த பதிப்பில் இன்னும் நீளமாக வைக்கப் போகிறோம், மறுபடி ஒரு பேட்டி தர முடியுமா?

இரண்டரை வருஷம் நாத்தனார் அந்த வீட்டில் இருந்தாள். ஒரு நாள் காலை, முடிக்காத தையல் மடியில் கிடக்க, உட்கார்ந்தபடியே போய்விட்டாள். முதலில் பார்த்தது வெண்கலம்தான். வழக்கம்போல வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாள். கேட்டு முடித்த பிறகுதான் நாத்தனாரின் கழுத்து சாய்ந்திருப்பதைக் கவனித்தாள். அடக்கம் செய்யப் போனபோது மகள் வந்து தாழ்ந்த குரலில், "நீங்க கொஞ்சம் பின்னால நில்லுங்கம்மா" என்றாள். பின்னால் நின்றாள்.

ஒரு வாரம் கழித்து உறவுக்காரர்கள் எல்லோரும் போன பிறகு, வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும் மிஞ்சினார்கள். வெண்கலம் இரண்டு பேருக்குப் போதுமாகச் சமைத்து மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள். பால்கனியில் அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. போய் நின்றாள். அவர் சின்னப் பாத்திரத்தில் ஒருவருக்கு மட்டும் அளந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்கதான் போயிட்டாங்களே. இனிமே ஒரே அடுப்புல ஆக்கிக்கலாமேங்க" என்றாள்.

அவர் தீயைக் குறைத்தார்.

"பரவால்ல. எனக்குப் பழகிடுச்சு" என்றார்.